பிருஸ் கல் பதித்த ஏழுகல் தோடு

தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு. என் படிப்பு அவ்வளவுதான். திகாம் பத்து என்ற ஊரில் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு மடக்கு மேசை போட்டு மோதிரம் விற்றேன். அந்த மேசை இன்று சுங்கைப் பட்டாணியில் சொந்தக் கடை. மலாய்க்காரர்கள் பாத்து பிருஸ் என்று சொல்லும் நீலப்பச்சைக் கல்லில் மட்டும் அறுபத்திரண்டு நகைகள் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒன்றும் விற்பனைக்கு இல்லை. கடன் கொடுக்க ஆள் இல்லை, கைகாட்டிவிட ஆள் இல்லை. நானே எழுப்பியது.

பழைய நகைக் கண்காட்சி மலருக்கு என் தொழிலைப் பற்றி எழுதித் தரும்படி கமிட்டியார் கேட்டார்கள். அங்கே வைக்கப்போகும் ஒரு ஜோடித் தோட்டைப் பற்றியே எழுதுகிறேன்.

1. பூந்திக்கொட்டைத் தண்ணீர்

திகாம் பத்து சரோஜா அக்கா கையுறை ஃபேக்டரியில் வேலை செய்தவர். மகள் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது தன் அம்மாவின் தோட்டைக் கொண்டு வந்தார். ஏழுகல் தோடு என்றால் வைரமோ சிவப்போதான் பதிப்பார்கள். இதில் பதினாலும் பிருஸ். அப்படி ஒன்றை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“அழுக்கா இருக்குண்ணே. பளிச்சின்னு ஆக்கிக் குடுங்க. எம்மவ இதத்தான் போடுவா.”

பத்தர் பட்டறையில் நான் தொழில் பழகியபோது முதல் பாடம் இதுதான்: எந்த நகை வந்தாலும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கொதிக்க வை, பிறகு திராவகத்தில் முக்கி எடு. கை தானாகச் செய்துவிட்டது. வைரத்துக்கு அது ஒன்றும் செய்யாது. பிருஸ், தண்ணீரும் எண்ணெயும் குடிக்கும் கல். வெளியே எடுத்தபோது தங்கம் மின்னியது. பதினாலு கல்லும் வெளுத்துப் பொரிந்து கிடந்தன.

என் டிராயரில் சாயம் ஏற்றிய நீலக் கல் நிறைய இருந்தது. ஒரு மத்தியானத்தில் மாற்றிப் பதித்துவிடலாம். டிராயரைத் திறந்தேன், பொய் சொல்லவில்லை. பிறகு மூடிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

“என்னாண்ணே இது, சுண்ணாம்பு மாரி இருக்கு! ‘கல்லு டோக்டர்’னு போர்டு போட்டிருக்கிங்க. பேஷன்ட்டயே கொன்னுட்டிங்களே லா!”

பூந்திக்கொட்டையிலிருந்து திராவகம் வரை ஒளிக்காமல் சொன்னேன்.

“ஒங்க கடையில நீலக் கல்லு நெறையா இருக்கே. அத வச்சிக் குடுத்திருந்தா எனக்குத் தெரியவா போவுது?”

“ஒங்களுக்குத் தெரியாதுக்கா. எனக்குத் தெரியுமே.”

தோட்டைத் திரும்ப என் கையிலேயே வைத்தார்.

“அப்ப நெஜக் கல்லு கொண்டாங்க. எம்மவ மூளிக் காதோட மணவறையில ஒக்கார மாட்டா, சொல்லிட்டேன்.”

2. பாலிங் ஹாஜியார்

மூன்று நாள் அலைந்தேன். தஞ்சோங் டாவாய் வரை போயும் பதினாலு கல் சேரவில்லை. கடைசியில் பாலிங்கில் ஒரு தமிழ் ஹாஜியார் இருப்பதாகச் சொன்னார்கள். மெக்கா போய்வந்தவர்களிடமிருந்து பிருஸ் வாங்கிச் சேர்ப்பவர், யாருக்கும் விற்காதவர்.

நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வெள்ளைத் துண்டில் கவிழ்த்தார்.

“நல்லதும் இருக்கு, சாயமும் இருக்கு. பதினாலு பொறுக்கு. ஒன்னு தப்புன்னாலும் தேத்தண்ணிய குடிச்சிட்டுப் போய்ட்டே இரு.”

ஒரே மாதிரி நீலமாக இருந்தவற்றைச் சாயம் என்று ஒதுக்கினேன். கல்லில் ஓடும் கறுப்புக் கோட்டு ஓரமாக நீலம் தேங்கி நின்றதையும் ஒதுக்கினேன். பச்சை அடித்த பழைய கற்களை முதலில் எடுத்தேன்.

“கெட்டுப் போனதப் போயி எடுக்கிறே?”

“கெடல ஹாஜியார். போட்டவங்க ஒடம்பு எண்ணெயக் குடிச்சிருக்கு. சாயக் கல்லு இப்படிப் பச்சையாவாது.”

பதினாலையும் வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தார். காகிதத்தில் மடித்து என் சட்டைப் பையில் அவரே வைத்தார்.

“வெல சொல்லுங்க ஹாஜியார்.”

“வித்தா இன்னிக்கே மறந்துருவே. சும்மா தர்றேன். மறக்க மாட்டே.”

நானே எழுப்பியது என்று மேலே எழுதினேன். அந்தப் பதினாலு கல் நீங்கலாக.

3. முன் வரிசை

கல்யாணத்தன்று சரோஜா அக்கா என்னை முன் வரிசையில் உட்கார வைத்து, “எங்க கல்லு டோக்டர் இவருதான்” என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். என்னை விரட்டியிருக்க வேண்டியவர். மணவறையில் அந்தப் பெண் திரும்பும்போதெல்லாம் தோட்டில் பதினாலு கல்லும் பதினாலு விதமான நீலப்பச்சையாகத் தெரிந்தன. அன்று முதல் கல்லைப் பார்க்காமல் என் பட்டறையில் அடுப்புப் பற்றவைப்பதில்லை. பிருஸ் என்றால் உலர்ந்த பருத்தித் துணி மட்டும்தான். கெடா மாநிலத்தில் இந்தக் கல்லை என்னைவிட அறிந்தவன் இருந்தால் கடைக்கு வரட்டும்.

இப்போது என் கோரிக்கை. தோட்டின் கீழே வைக்க அச்சடித்த அட்டையைப் பார்த்தேன். இரவல் தந்தவர் சரோஜா அக்கா மகள், கல் தந்தவர் பாலிங் ஹாஜியார் என்று இருக்கிறது. இரண்டும் சரி. என் பெயர் எங்கே? பழைய கல்லைக் கெடுத்தவர் மாணிக்கம், புதிய கல்லைத் தேடிப் பதித்தவர் மாணிக்கம் என்று இரண்டு வரி சேருங்கள். முதல் வரியை மரியாதைக்காக விட்டுவிட வேண்டாம். எழுத்து, ஹாஜியார் பெயர் அளவுக்கே இருக்கட்டும். திறப்பன்று காலையில் முதல் ஆளாக வந்து பார்ப்பேன்.