சயா டைப் அடிக்க மறுத்த கடிதம்

யாங்கூன் போட்டாதாங் கிடங்கில் உளுந்து மூட்டைகளின் மாதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வாத்தியார் என்ற மரியாதையில் நாம் சயா என்று கூப்பிடும் தங்கராஜின் மனைவி போன் செய்தார். பர்மியத்தில் இரண்டே வாக்கியம். காலையில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டார். கையிலிருந்த உளுந்தை எங்கே போட்டேன் என்று நினைவில்லை.

கியாக்டடா பேட்டை மாடியறையில் உட்கார்ந்து, இந்த ஊர்த் தமிழர்கள் நம்மில் பாதிப்பேருடைய பத்திரங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்தவர். அது உங்களுக்குத் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன். என் மகன் கப்பலில் வேலை செய்வதாக உங்களிடம் சொல்லிவந்தேன். அது பொய். கட்டாயப் பட்டாளத்துக்கு அவன் பெயர் வந்த மாதமே ஆளை நாட்டுக்கு வெளியே அனுப்பினேன். இன்று ஐரோப்பாவில் அடைக்கலம் கேட்டு நிற்கிறான்.

வழியில் ஒரு நாட்டில் எட்டு மாதம் இருந்தான். பிடிபடாமல் இருக்கட்டும் என்று தரகன் மூலம் அந்த ஊர்க் கள்ள வசிப்பு அட்டை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். அதுவே வினையாயிற்று. ஐரோப்பாவில் அதிகாரிகள் அட்டையைப் பார்த்துவிட்டு, உனக்கு அங்கே இருக்க உரிமை உண்டு, அது ஆபத்தில்லாத நாடு, அங்கேயே போ என்று, அவன் கதையைக் கேட்காமலே உத்தரவு போட்டார்கள். அங்கே போனால் அட்டை கள்ளம் என்று தெரியும். அடுத்த விமானம் யாங்கூனுக்குத்தான். உத்தரவை எதிர்த்து வழக்குப் போட்ட அவனுடைய வக்கீல், தகப்பனின் சத்தியக் கடிதம் வேண்டும் என்றார்.

அட்டையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதச் சொன்னேன். சயா டைப் மெஷினிலிருந்து கையை எடுத்துவிட்டார். பர்மிய வழக்கப்படி பெயருக்கு முன் ‘கோ’ போட்டுத்தான் என்னைக் கூப்பிடுவார்.

“கோ மணி, மேல நல்ல உளுந்து, அடியில சொத்தையா? எதிர் வக்கீல் மூட்டையக் கொட்டிப் பாப்பான்.”

“உண்மைய எழுதினா, அப்பனே கள்ள அட்டை வாங்கினவன்னு புள்ளையையும் நம்ப மாட்டாங்களே சயா.”

“நம்பாமப் போகலாம். ஆனா அந்த அட்டை செல்லாதுன்னு சொல்ல உன்னை விட்டா ஆள் இல்ல.”

மூன்று நாள் அவர் பக்கமே போகவில்லை. நாலாம் நாள் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஆங்கிலத்தில் அடித்து முடித்தவர், எனக்கு அது வாசிக்க வராது என்று, அதையே தமிழில் கைப்பட எழுதிக் கொடுத்தார். “படிக்காததுல கையெழுத்துப் போடாத” என்பார் எப்போதும். அதற்குப் பிறகு சாயங்காலமானால் அங்கேதான். மகனைப் பற்றிப் பேச எனக்கு வேறு இடம் இல்லை.

சயாவை எரித்த ஐந்தாம் நாள் மகன் அழைத்தான். அந்த அட்டையை நம்பி அனுப்ப முடியாது, அடைக்கல வழக்கை ஐரோப்பாவிலேயே கேட்க வேண்டும் என்று தீர்ப்பு வந்துவிட்டதாம். “அப்பா, மொதல்ல சயாகிட்ட சொல்லிடுங்க” என்றான். சயா போனதை அவனுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. சரி என்றேன். மாடிப்படி ஏறிப் போனேன். பூட்டு தொங்கியது. அதன் முன்னால் நின்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அந்தத் தமிழ்த் தாள் என்னிடம் இருக்கிறது. ‘அட்டையைக் கள்ளத்தனமாக வாங்கியவன் நானே’ என்று முதல் வரி. எழுத்து அவருடையது. கையெழுத்து என்னுடையது.