துக்க வீட்டில் தாச்சி வைப்பதில்லை

கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு ஒரு கிழமை இருக்கையில், டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரக் கடையொன்றில் உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டு நின்றபோது மரியாவின் அழைப்பு வந்தது. “அன்ரி, அம்மா காலமை போயிட்டா.” அன்ரி என்று எங்கள் பிள்ளைகளைப்போல் கூப்பிட மட்டும் பழகியிருந்தாள், மற்றதெல்லாம் டேனிஷில் சொன்னாள். கிழங்குப் பையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

அவளுடைய தாயார் அசுந்தா அக்கா, இத்தாலியின் தெற்கே கலாப்ரியாவில் பிறந்தவர். டேனிஷ்காரர் ஒருவரை மணந்து இங்கு வந்து, தையல் தொழிற்சாலையில் எனக்கு அடுத்த மெசினில் இருந்தார். அப்பப்பா, என்ன குரல்! மெசின் சத்தமெல்லாம் அவரிடம் தோற்றுப்போகும்.

வேலைக்குச் சேர்ந்த வருடமே நத்தார்ப் பலகாரம் சுட என்னையும் கூப்பிட்டார். குல்லுரியெல்லி என்பார்கள். அவித்த கிழங்கும் கோதுமை மாவும் ஈஸ்டும் சேர்த்துப் பிசைந்து, பொங்கவிட்டு, வளையமாக இழுத்து எண்ணெயில் பொரிப்பது. குழந்தையைக் குளிப்பாட்டும் அளவு பேசினில் மாவு நின்றது. “என்ன மாதிரிப் பொங்கியிருக்கு!” என்றேன். கையில் ஓர் அடி விழுந்தது.

“வாயை மூடு! கண்பட்டால் அமுங்கிப் போகும்.”

பிறகு என் விரலைப் பிடித்து மாவில் சிலுவைக் குறி இடவைத்தார். நெற்றியில் திருநீற்றோடு நானும் இட்டேன். கண்ணூறு எங்கள் ஊரோடு முடிந்துவிடுகிறது என்றல்லவா நினைத்திருந்தேன்! உளுந்து வடை தட்டிய பழக்கத்தில் நான் தட்டையாக்கிப் போட்டது கல்லாக வந்தது. “இதை உன்ர மனுசனுக்குக் குடு” என்றார்.

அக்கா எண்ணெயைப் பார்ப்பதில்லை, கேட்பார். முதுகைக் காட்டிக்கொண்டு மகளோடு சண்டை பிடித்தபடியே “திருப்பு” என்பார். திருப்பினால் பொன்னிறமாக இருக்கும். எத்தனை வருடம் பார்த்தும் எனக்கு அந்தப் பிரமிப்புத் தீரவில்லை.

போரில் யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டியிருந்த ஒரு மார்கழியில் என் அப்பா இறந்தார். போக வழியில்லை. தீட்டுப்பட்ட துடக்கு வீடு, பலகாரம் பொரிக்கும் தாச்சி அடுப்பில் ஏறாது. அப்பா போய்விட்டார், இந்த முறை வரமாட்டேன் என்று மட்டும் அக்காவுக்குச் சொல்லியிருந்தேன். நத்தாருக்கு முதல் நாள் கதவு தட்டப்பட்டது. தலையெல்லாம் பனியோடு, கையில் மூடிய பாத்திரத்தோடு அக்கா.

“துக்க வீட்டில தாச்சி வைக்கக்கூடாது. வைக்கிற மற்ற வீட்டுக்காரர்தான் கொண்டுவந்து குடுக்கவேணும். எங்கட ஊரில அப்பிடித்தான்.”

“எங்கட ஊரிலயும்” என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. நான் ஒரு வளையம் தின்று முடிக்கும்வரை அக்கா பக்கத்தில் இருந்தார். அன்று மட்டும் சத்தமே போடவில்லை.

செய்தி சொன்ன அதே அழைப்பில் மரியா கேட்டாள்: “இந்த முறை நானே சுடப்போறன். மாவுக்கு என்ன அளவு?”

“வேண்டாம் பிள்ளை. உங்கட வீட்டில இந்த வருசம் தாச்சி வைக்கக்கூடாது. நான் கொண்டுவாறன்.”

வீரமாகச் சொல்லிவிட்டேன். ஆனால் அக்கா இல்லாமல் ஒரு வளையமும் நான் சுட்டதில்லை. மாவு பொங்காவிட்டால் அந்த வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது? முதல் மாவு பொங்கவேயில்லை, குப்பைக்குள் போனது. இரண்டாவதை மூடிவைத்துவிட்டு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அது பொங்கியது. மெச்சுவதற்கு வாய்வரை வந்த சொல்லை விழுங்கிவிட்டுச் சுட்டேன்.

நத்தாருக்கு முதல் நாள் பின்னேரம் அவர்கள் வாசலில் எனக்கு முன்னால் ஒருவர் நின்றார். அக்காவின் எதிர்வீட்டு டேனிஷ் முதியவர். தலையசைப்பதோடு சரி, என்னோடு ஒருநாளும் கதைத்ததில்லை. அவர் கையிலிருந்த தட்டில், துணி விலகிய இடத்தில், கோணலும் மாணலுமாகக் கருகிய வளையங்கள்.

“எனக்குச் சமைக்கத் தெரியாது” என்றார். “மனுசி செத்த வருசம் அசுந்தாதான் கொண்டுவந்து தந்தவ. இந்த முறை இந்த வீட்டுக்கு ஆர் குடுக்கிறது?”

இத்தனை வருடமும் எனக்கு மட்டும் செய்தார் என்றல்லவா நினைத்திருந்தேன்! நாங்கள் உள்ளே போய் உட்காரக்கூட இல்லை, வாசல் மணி அடித்தது. பிறகும் அடித்தது. ஒவ்வொரு முறையும் வாசலில் மூடிய பாத்திரத்தோடு ஒருவர்.

போய்வாருங்கள், அக்கா. உங்கள் வீட்டில் ஒருவரும் தாச்சி வைக்கவில்லை. மேசையில்தான் இடம் போதவில்லை.