குண்டம்மாவுக்குப் போட்ட சட்டை

ஆல்ட்டரேஷன் கடையில் அவளுக்கு ‘அரை இஞ்ச் அக்கா’ என்று பெயர். எந்தப் பேன்ட்டைக் கொடுத்தாலும் இடுப்பில் அரை இஞ்ச் தாராளமாக விடுவாள். “சாப்பிட்ட பிறகும் உட்காரணுமில்ல?” என்பாள்.

வீட்டில் ஒரு அலமாரியை மட்டும் அக்கா திறப்பதில்லை. ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்ட மகனின் துணிகள் அதில் இருந்தன. மூன்று வருஷமாக அவளும் வீட்டுக்காரரும் அவனைப் பற்றி வாய் திறந்ததில்லை.

அவன் போன பிறகு தெருவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட நாய்தான் குண்டம்மா. கருத்தடை ஆபரேஷன் முடித்துக் கூட்டி வந்தார்கள். தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்போடு சுவரில் முட்டி, கதவில் முட்டி, கடைசியில் மூலையைப் பார்த்தபடி நின்றுவிட்டது. தண்ணீர்கூடத் தொடவில்லை. அக்கா டாக்டருக்குப் போன் போட்டாள்.

“கூம்பைக் கழட்டிடுங்க. ஆனா தையலை நக்க விடக்கூடாது. சின்னப் பிள்ளைங்க பனியன் இருந்தா மாட்டி விடுங்க. வயிறு மூடியிருந்தாப் போதும்.”

கூம்பைக் கழற்றியதுதான் தாமதம், நாக்கு தையலுக்குப் போனது. அக்கா அலமாரியைத் திறந்தாள். கைக்கு வந்தது நீலக் கோடு போட்ட பனியன். வாலுக்காக ஓட்டை வெட்ட மனசு வரவில்லை. ஓரத்தைச் சுருட்டி முதுகில் முடிந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து செருப்பைக் கழற்றும்போது, நடையின் கோடியில் நீலக் கோடு ஒன்று கடந்து போனது.

“தம்பி?”

மகனை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். குண்டம்மா வந்து அவர் காலை முகர்ந்தது.

“உனக்கென்ன பைத்தியமா?”

“கழட்டிடவா? சொல்லுங்க.”

அவர் இன்னொரு செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

மாத்திரையைச் சோற்றில் ஒளித்துக் கொடுக்கும்போது, “முழுங்குடா கண்ணா” என்றாள் அக்கா. பெண் நாயை ‘டா’ போட்டது காதில் விழுந்தும் அவர் திருத்தவில்லை. அவரே, “குதிக்காதடா, தையல் விட்டுடும்” என்று அதட்டினார். அடுப்படியில் நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பது தெரியும். திரும்பாமல் நிற்கப் பழகிக்கொண்டாள் அக்கா.

தையல் பிரித்த டாக்டர், “நல்லா ஆறிடுச்சு, சட்டை இனி வேண்டாம்” என்றார். வீட்டுக்கு வந்ததும் அக்கா மறுபடி மாட்டினாள். வீட்டுக்காரர் நாயின் காலைப் பிடித்துக் கொடுத்தார்.

சில நாளில் குண்டம்மா நொண்ட ஆரம்பித்தது. பனியன் உரசி, முன்னங்கால் இடுக்கில் தோல் சிவந்து உரிந்திருந்தது.

“அவளுக்கு வலிக்குது,” என்றார் வீட்டுக்காரர்.

கழற்றியதும் குண்டம்மா உடம்பை உதறி, தரையில் புரண்டு, வாசலுக்கு ஓடியது. நடை வெறிச்சென்று ஆகிவிட்டது. அக்கா பனியனை முகத்தில் வைத்துப் பார்த்தாள். நாய் வாடைதான் அடித்தது.

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது ஷூ போடணும்னு அடம் பிடிச்சானே. நான் திட்டினேனா, போட்டு விட்டேனா? எத்தனை யோசிச்சும் ஞாபகம் வரல.”

“திட்டிக்கிட்டே போட்டு விட்டீங்க.”

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். வெளியே குண்டம்மா கதவைப் பிறாண்டியது. எழுந்து போய்த் திறக்க இருவருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது.