பொட்டு வைத்த துப்பாக்கி

வீட்டைக் காத்துக்கொள்ள ஒருவனுக்கு உரிமை உண்டு என்று சிதம்பரம் நீதிமன்றத்தில் பலமுறை வாதாடியிருக்கிறேன். இன்றும் எனக்கு அதில் சந்தேகமில்லை. துப்பாக்கி ஒரு பக்கம், தோட்டா ஒரு பக்கம், இரண்டும் பூட்டுக்குள் என்ற விதியும் தெரியும். தெரிந்துதான் மீறினேன்.

2006 தேர்தலுக்கு, லைசென்ஸ் உள்ள எல்லோரையும் போல நானும் என் இரட்டைக்குழல் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன். அது அங்கே இருந்தபோது கீரப்பாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் திருடன் புகுந்தான். துப்பாக்கி திரும்பி வந்ததும் தோட்டாவைப் போட்டுக் கட்டிலோரம் சாத்திவைத்தேன். மனைவிக்குத் துப்பாக்கி என்றாலே பயம். "தோட்டாவெல்லாம் பீரோவுல இருக்கு, சாவி என் அரைஞாண்ல" என்று அவளுக்குச் சமாதானம் சொன்னேன். மீதித் தோட்டாக்களைப் பொறுத்தவரை அது உண்மை.

ஆயுத பூஜைக்கு நெல்லிக்குப்பத்திலிருந்து மனைவியின் தம்பி வந்திருந்தார். சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அரிவாள், ஸ்பேனர், என் சட்டப் புத்தகங்கள் இவற்றோடு துப்பாக்கியையும் பலகையில் வைத்திருந்தார். மனைவி சந்தனப் பொட்டு வைத்து முடித்திருந்தாள். என் கை தானாக நீண்டது.

"பொட்டு வச்சாச்சுங்க. நாளைக்குக் காலைல எடுக்குற வரைக்கும் தொடக் கூடாது" என்றாள்.

"ஒரு நாளு கூட வுட்டுட்டு இருக்க முடியல பாரு மாமாவால!" என்று மச்சான் சிரித்தார்.

உள்ளே தோட்டா இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் மனைவியிடம் சொன்ன பொய் மச்சான் முன்னால் வெளிப்படும். காலையில் முதல் ஆளாக எழுந்து எடுத்துவிடலாம் என்று இருந்துவிட்டேன்.

எனக்கு முன்னால் மச்சான் எழுந்துவிட்டார். பூஜையைக் கலைத்து, சந்தனம் போகத் துப்பாக்கியைத் துணியால் துடைத்திருக்கிறார். வெடித்துவிட்டது. தரையில் பட்டுத் தெறித்த ரவைகள் கோலத்தைக் கூட்டிக்கொண்டிருந்த மனைவியின் கணுக்காலில் பாய்ந்தன.

ஆஸ்பத்திரிக்கு வந்து போலீஸார் விசாரித்தபோது எனக்குள் இருந்த வக்கீல் முந்திக்கொண்டார். நான் காலி செய்துதான் வைத்தேன், மச்சான் விளையாட்டாகத் தோட்டாவைப் போட்டிருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

"நான் போடலியே மாமா" என்று அவர் அழுதார். விபத்து என்று முடிந்தது. அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மனைவி காலை இழுத்து நடக்கத் தொடங்கினாள்.

துப்பாக்கியைப் போலீஸார் எடுத்துப் போயிருந்தார்கள். நான் விடவில்லை. கடலூருக்கு நடையாக நடந்து, வாதாடி, 2009-இல் திருப்பித் தரும்படி உத்தரவு வாங்கிவிட்டேன். வெற்றியோடு வீட்டுக்கு வந்து காகிதத்தை நீட்டினேன். மனைவி அதைத் தொடவில்லை.

"பீரோ சாவி அன்னிக்கும் உங்க அரைஞாண்லதான இருந்துச்சி? அப்ப எந்தம்பிக்குத் தோட்டா ஏது?"

இவ்வளவு சுருக்கமான குறுக்கு விசாரணையை நான் எந்தக் கோர்ட்டிலும் பார்த்ததில்லை. ஒப்புக்கொண்டேன்.

மறுநாளே நெல்லிக்குப்பம் போய் மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"அக்காவ சுட்டவன்னுதான் மில்லுல எனக்குப் பேரு. என்கிட்ட சொன்னா பத்தாது மாமா. எங்க எழுதிக் குடுத்தீங்களோ, அங்க போயி மாத்தி எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். உத்தரவும் போயிற்று, லைசென்ஸும் போயிற்று. அப்பீல் செய்யவில்லை.

அந்த வருட ஆயுத பூஜைக்கு மச்சான் வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டார்.

"உள்ள வரலாமா மாமா? சுண்டல்ல தோட்டா கீட்டா எதுவும் கெடக்காதே?"

"உங்க அக்காவக் கேளுங்க மச்சான். பீரோ சாவி இப்ப அவகிட்டதான் இருக்கு" என்றேன்.