வாய்க்கரிசி போட்ட வெள்ளைக்காரர்

எழுபதுகளின் கடைசியில் நான் மலேசியாவில் ஈப்போ ரயில் நிலையத்துக்கு எதிரே டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓட்டினேன் என்று பெயர்தான், பாதி நாள் வண்டிக்குள் தூக்கம். வெள்ளைக்காரர்கள் ஏறினால் குகைக் கோயில், கோழிச் சோறு, திரும்ப ஸ்டேஷன். அவர்களுக்கு ஈப்போ அவ்வளவுதான். அன்று காலை ஏறிய வயதான ஆஸ்திரேலியாக்காரர் மட்டும் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தின் பெயரைச் சொன்னார். அங்கே பார்க்க ஒன்றுமில்லையே, பாதி ரப்பர் மரத்தைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டுவிட்டார்களே என்றேன். ஒருவரைப் பார்க்க வேண்டும், உனக்குத் தமிழ் தெரியுமா என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்த பிறகும் இப்படி ஒரு கேள்வியா என்று சிரிப்பு வந்தது.

போகும் வழியில் அவர் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அந்தச் சிரிப்பு போய்விட்டது. ஜப்பான்காரன் நம் நாட்டுக்குள் புகுந்தபோது அவர் போர் விமானம் ஓட்டியவர். விமானம் சுடப்பட்டதும் பாராசூட்டில் குதித்து, அந்தத் தோட்டத்தை ஒட்டிய காட்டில் விழுந்திருக்கிறார். பால்மரம் சீவும் தமிழர் ஒருவர் அவரைக் கண்டு, பல மாதம் பால் வாளிக்குள் சோற்றை மறைத்து வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். சோறு ஆக்கியது அவர் மனைவி. கடைசியில் எப்படியோ வெள்ளைக்காரர் ஜப்பான்காரனிடம் மாட்டிக்கொண்டார். யார் சோறு போட்டது என்று கேட்டு அடித்த அடியில் ஒரு காது போய்விட்டதாம். வாயைத் திறக்கவில்லை.

பிறகு கைதியாகச் சயாமுக்கு, இப்போதைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போட அனுப்பிவிட்டார்கள். நம் தோட்டங்களிலிருந்தும் ஆட்களை லாரி லாரியாக அங்கேதானே பிடித்துக்கொண்டு போனார்கள்! ஒருநாள் தமிழர்கள் இருந்த கூடாரத்துப் பக்கம் பிணம் புதைக்கப் போனவர், காலராவில் கிடந்த ஒருவரைப் பார்த்திருக்கிறார். அது சோறு போட்ட அதே மனிதர். இவர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு மறுநாள் இறந்துபோனார்.

நம் ஆட்கள் செத்தவர் வாயில் அரிசி போடுவதை இவர் ஆரம்பத்தில் பார்த்திருக்கிறார். அப்புறம் சாவு அதிகமாகி, போடவும் ஆளில்லை, அரிசியும் இல்லை. அதனால் சமையல் கொட்டகையில் ஒரு பிடி அரிசி எடுத்து, கைக்குள் மூடிக்கொண்டு போயிருக்கிறார். காவல்காரன் பார்த்துவிட்டான். கையைத் திற என்று துப்பாக்கிக் கட்டையால் விரல்கள் மேலேயே இடித்தானாம். இவர் திறக்கவில்லை. அவனே அலுத்துப் போன பிறகு, அந்தக் கையாலேயே அரிசியைப் போட்டிருக்கிறார். சொல்லிவிட்டு வலது கையைக் காட்டினார். மூன்று விரல்கள் நிமிரவே இல்லை.

இப்போது எதற்கு வந்தீர்கள் என்று கேட்டேன். சோறு ஆக்கிய அந்த அம்மாவிடம் நடந்ததைச் சொல்ல, என்றார். இரண்டு தடவை பயணத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டுப் பயத்தில் நின்றுவிட்டாராம். சயாமில்கூட இவ்வளவு பயந்ததில்லை என்றார்.

தோட்டத்துக் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் வழி கேட்டேன். விஷயம் தெரிந்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"அண்ணே, வேணாம் லா. சயாமுக்குப் போன புருஷன் வருவாருன்னு அது இன்னும் பொட்டு வச்சிருக்கு. எங்க வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் அதுதான் முதல்ல மஞ்சள் இடிக்கும். செத்திருப்பாருன்னு எங்களுக்குத் தெரியாதா? யாருக்கும் சொல்ல வாய் வரல. இப்ப எதுக்கு அதுக்கு சூசா கொடுத்து மனச நோகடிக்கிறீங்க?"

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. சும்மா நன்றி சொல்ல வந்ததாகச் சொல்லிவிடுகிறேன், திரும்பிப் போய்விடலாம் என்று வெள்ளைக்காரரிடம் கெஞ்சினேன். அவர் ஒப்பவில்லை. அந்த மனிதர் எங்கே கிடக்கிறார் என்று தெரிந்தவன் உயிரோடு நான் ஒருவன்தான், நானும் போய்விட்டால் அவளுக்கு யார் சொல்வது என்று கேட்டார். அக்காவிடம் வீடு எது என்று கேட்டுக்கொண்டு முன்னால் நடந்தேன்.

அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நரைத்த தலை, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. வெள்ளைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தார். அந்த அம்மா உற்றுப் பார்த்தார்.

"நம்ம காட்டுல ஒளிஞ்சிருந்த தொரையா தம்பி இது? உசுரோட இருக்காரா?" என்று சிரித்தார். "அவர எங்கயாச்சும் பாத்தாரான்னு கேளு."

அவர் ஆங்கிலத்தில் சொன்னார். அதை நான் தமிழில் சொல்ல வேண்டும். 'உங்கள் வீட்டுக்காரர் இறந்துவிட்டார்' என்பது எவ்வளவு சின்ன வாக்கியம்! அதைச் சொல்லி முடிப்பதற்குள் என் சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்துவிட்டது.

அந்த அம்மா அழவில்லை. கீரையைக் கீழே வைத்துவிட்டு, "யாராச்சும் தண்ணி கொடுத்தாங்களா? வாய்க்கரிசி போட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். இவர் போட்டார் என்றேன். கை விஷயத்தைச் சொல்லக் கூடாது என்று வண்டியிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த அம்மா அவருடைய வளைந்த விரல்களைப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் சட்டென்று எழுந்தார்.

"வாய்க்கரிசி போட்டவரு தலை முழுகணும் தம்பி. இவருக்கு யாரு தண்ணி ஊத்துனா? இத்தன வருசமா தீட்டோடல்ல இருந்திருக்காரு. எந்திரிக்கச் சொல்லு."

குழாயடிக்கு அவரை அழைத்துப் போய், தன் கையாலேயே வாளியில் பிடித்துத் தலையில் ஊற்றினார். அந்தப் பெரிய மனிதர் சட்டையோடு குனிந்து உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோலத் தேம்பித் தேம்பி அழுதார். வாளியில் மிச்சமிருந்த தண்ணீரில் அந்த அம்மா தன் முகத்தைக் கழுவினார். பொட்டு போய்விட்டது. துணி துவைத்த அக்கா ஓடி வந்து கட்டிக்கொண்டதும்தான் அவருக்கு அழுகை வெடித்தது. மதிய வெயிலில், என்றைக்கோ சயாமில் செத்த ஒரு மனிதருக்காக லயத்து வீடுகளிலிருந்த பெண்கள் எல்லாரும் கூடி மாரடித்து அழுதார்கள். நானும் அழுதேன். அவரை நான் பார்த்ததுகூட இல்லை.

வெள்ளைக்காரர் ஊருக்குப் போய்விட்டார். பதினாறாம் நாள் கருமாதிக்கு நான் போனேன். இனி வாசலில் சத்தம் கேட்டால் எழுந்து பார்க்க வேண்டியதில்லை என்று அந்த அம்மா சொன்னார். நிம்மதியில் சொன்னாரா, வெறுத்துப்போய்ச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்றிலிருந்து யார் வீட்டுக்காவது சாவுச் செய்தி சொல்ல வேண்டி வந்தால் நான் போனைத் தொடுவதில்லை. பயமாக இருந்தாலும் நேரில் போய், அந்த மனிதரைப் போல அவர்கள் முன்னால் உட்கார்ந்துதான் சொல்கிறேன்.