ஆம்பளைத் துணை

ஏற்காட்டு மலையில் சைக்கிள் மிதிப்பவர்கள் இரண்டு வகை. ஞாயிற்றுக்கிழமைகளில் கியர் சைக்கிளும் தலைக்கவசமுமாக நகரத்திலிருந்து வந்து, மூச்சு வாங்க நின்று படம் எடுத்துக்கொள்பவர்கள் ஒரு வகை. இன்னொரு வகை என் அக்கா. அவளுடையது பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள். சமவெளியை நினைத்துக் கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது. எங்கள் மாரமங்கலத்தில் அதை ஓட்டுவதைவிடத் தள்ளுவதுதான் அதிகம்.

பன்னிரண்டாவது முடித்த வருடம் அவளுக்கு நர்ஸ் படிப்பின் மேல் பைத்தியம். சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஏற்காட்டுக்கு வந்து பெண்களைத் தேர்ந்தெடுக்கப் போவதாகச் சொன்னார்கள். படிப்பு இலவசம், தங்க இடமும் உண்டு, தேர்வானவர்களை அன்றே கூட்டிப் போய்விடுவார்களாம். ஆனால் குறித்த நாளில் மத்தியானத்துக்குள் நேரில் போய் நிற்க வேண்டும். அந்த இடம் கிடைக்காவிட்டால் தை மாதம் வெள்ளக்கடையில் அத்தை மகனுக்கு அவளைக் கட்டிவைப்பது என்று அப்பா முடிவு செய்திருந்தார்.

அன்று காலை பஸ் வரவில்லை. மழையில் வழியில் மரம் விழுந்துவிட்டதாம். அக்கா சைக்கிளை எடுத்தாள். அம்மா பயந்துபோய் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பா கத்தவில்லை.

“தாராளமா போ கண்ணு. தம்பியப் பின்னால உக்கார வெச்சுக்க.”

“இவன் எதுக்குங்கப்பா? மேடு நொம்ப இருக்குதுங்க.”

“வயசுக்கு வந்த புள்ள தனியாப் போனா ஊரு சும்மா இருக்குமா? ஒரு ஆம்பளத் தொணை வேணுமில்ல.”

அந்த ஆம்பளைக்கு வயது எட்டு. கால்சட்டையில் பொத்தான் கிடையாது. ஆனாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேரியரில் ஏறி உட்கார்ந்தேன்.

மேட்டில் என்னையும் வைத்தே தள்ளினாள். இறங்கி நடந்தால் நான் இன்னும் மெதுவாக வருவேன். விழுந்த மரத்தின் மேல் முதலில் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள், பிறகு என்னை. எதிரே வந்தவர்களிடமெல்லாம் மணி கேட்டாள். ஓர் இறக்கத்தில் நான் குஷியில் காலை ஆட்ட, குதிகால் சக்கரக் கம்பிக்குள் போய்விட்டது. நான் போட்ட கூச்சலில் காபித் தோட்டத்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா திட்டவில்லை. துப்பட்டாவைக் கிழித்துக் கட்டுப் போட்டாள்.

அப்போது ஊர் ஊராகப் போய்த் தடுப்பூசி போடும் நர்சம்மா கிளைப் பாதை ஒன்றிலிருந்து ஸ்கூட்டியில் வந்தார். முன்னால் மருந்துப் பெட்டி இருந்தது. பின்னால் ஒருவருக்குத்தான் இடம்.

“ஏறு கண்ணு, சுருக்கா உட்டர்றேன். சைக்கிள் கெடந்தாக் கெடக்கட்டும்.”

அக்கா ஸ்கூட்டியைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள்.

“நீங்க போங்கம்மா. தம்பி இருக்கறானுங்க.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கூட நான் இருக்கிற தைரியத்தில்தான் வேறு யாரோடும் போக மறுக்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

நாங்கள் ஏற்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தேர்வு நடந்த மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுச் சேலத்துக்கு இறங்கிவிட்டார்களாம். அக்கா அழவில்லை. குழாயில் முகம் கழுவினாள், என் காலையும் கழுவிவிட்டாள், சைக்கிளைத் திருப்பினாள்.

பொழுது சாய வீடு சேர்ந்தோம். அப்பா வாசலுக்கே வந்தார்.

“அக்காளப் பத்தரமாக் கூட்டியாந்துட்டியா சாமி?” என்று என் கன்னத்தைத் தட்டினார். காலில் என்ன கட்டு என்று கேட்கவில்லை. போன காரியம் என்ன ஆயிற்று என்று அக்காவிடமும் கேட்கவில்லை. அன்று சோற்றோடு எனக்கு மட்டும் முட்டை கிடைத்தது.

தையில் கல்யாணம் நடந்தது. இன்றும் அக்கா வெள்ளக்கடையில் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குக் காபிப் பழம் பறிக்கிறாள். பேச்சு வந்தால், “நானா போவ வேண்டாம்னேன்?” என்று அப்பா கேட்பார். அவர் சொல்லவில்லைதான். அந்தப் பாரத்தோடு அவளால் நேரத்துக்குப் போக முடியாது என்பதும், போனாலும் பையனைக் கொண்டுவந்து விட அவள் திரும்பித்தான் ஆகவேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். அன்று நான் காவலுக்குத்தான் போனேன். யார் வைத்த காவல் என்பதுதான் அந்த வயதில் புரியவில்லை.