அலுமாரிக்குள் பட்டினி கிடந்த ஹெல்மெட்

கண்ணை இறுக்கி மூடினாலும் இமைக்குள் ஒரு நீலம் வெட்டும்...

எங்கள் கல்பிட்டி வீட்டின் முன்புறம்தான் கணவரின் வெல்டிங் கடை. அவர் வெல்டிங் ரொட்டை, அந்த உருகும் கம்பியை, இரும்பில் தொடும் சத்தம் கேட்டால் நானும் பிள்ளைகளும் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். கலியாணம் முடித்துப் பதினோரு வருடமாகியும் என் மனுஷன் செய்யும் வேலையை நான் ஒரு நாளும் நேராகப் பார்த்ததில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

கோபம் மட்டும் நிறைய இருந்தது. பழைய கறுப்புக் கண்ணாடி முகமூடியைப் போட்டால், நெருப்புப் பிடிக்கும்வரை எதுவும் தெரியாது. அதனால் வெறும் கண்ணால் இடம் பார்த்து, ரொட்டை வைத்து, தலையை ஆட்டி முகமூடியைக் கண்ணுக்கு மேல் விழுத்துவார். ஒரு கணம் பிந்தினால் போச்சு. பொழுதுபட்டு மக்ரிப் தொழுகைக்குப் பிறகு கண்ணுக்குள் மண் அள்ளிப் போட்ட மாதிரித் துடிப்பார். இந்த வேலையை விடுங்கள், ஒரு ஓட்டோ எடுப்போம் என்று நான் கெஞ்சாத மாதமில்லை.

அப்போதுதான் கட்டாரிலிருந்து வந்த என் கூடப்பிறந்த நானா அந்த ஹெல்மெட்டைக் கொண்டுவந்தார். போட்டால் எல்லாம் தெளிவாகத் தெரியும். நெருப்புப் பிடித்ததும் கண்ணாடி தானாகவே இருண்டுவிடும். கணவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பழைய முகமூடியை, கூட வேலை செய்யும் உடப்பு ஊர்ச் செல்வத்துக்குக் கொடுத்துவிட்டார்.

கடல்காற்றின் உப்புப் பட்டுவிடும் என்று பயந்து, வேலை முடிந்ததும் நான் அதை ஒரு சால்வையில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவேன். புது மாப்பிள்ளைக்குக்கூட அப்படிக் கவனிப்பு இருந்திருக்காது...

நோன்பு மாதம் முழுக்கக் கடை பூட்டு. பெருநாள் முடிந்து வந்த முதல் வேலை, தலவில தேவாலயத் திருநாளுக்கு வரும் ஆட்கள் தங்கும் ஒரு மடத்துக்கு இரும்புக் கட்டில்கள். ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தேன். ரொட்டை இரும்பில் தொட்டார்... கண்ணாடி இருளவில்லை. மறுபடியும் தொட்டார், அப்போதும் இல்லை. அன்று செல்வம் வரவில்லை, பழைய முகமூடியும் அவரிடம். எரிச்சலில் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தக் கட்டிலின் நாலு மூலை ஒட்டுகளையும் வெறும் கண்ணோடு போட்டு முடித்தார்.

அந்தத் தடவை மாதிரி அவர் ஒருநாளும் துடித்ததில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து விட்டு, இனிக் கவனம் என்று சொல்லி அனுப்பினார்கள். கண்ணில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தவர் சொன்னார்:

"மச்சான் தந்ததும் கைவிட்டுட்டு. இனி ஏலாது பரீனா. ஓட்டோவே எடுப்பம்."

உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் ஹெல்மெட்டைப் பெட்டியில் போடப் போனபோது, அடியில் கிடந்த சின்னப் புத்தகத்தைப் புரட்டினேன். அதில் ஒரு சூரியன் படம். கண்ணாடிக்கு மேலே இருந்த கறுப்புப் பட்டியை அப்போதுதான் கவனித்தேன்... பள்ளிக்கூடத்தில் நான் வைத்திருந்த கல்குலேட்டரிலும் அதே மாதிரி ஒன்று இருந்தது. வெளிச்சம்தான் அதற்குச் சாப்பாடு. நானோ ஒரு மாதமாக அதை இருட்டில் பட்டினி போட்டிருக்கிறேன்.

என் கையால்தான் அவர் கண் இப்படியானது. யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஓட்டோவும் வந்துவிடும்...

என்றாலும் மனது கேட்கவில்லை. ஹெல்மெட்டின் முகப்பில் வெளிச்சத்தை உணரும் இரண்டு சின்னக் கண்களில் உப்புப் படிந்திருந்தது. மெல்லிய துணியால் துடைத்து, மதிலில் வெயிலுக்கு வைத்தேன். நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது கண்ணாடி கடும்பச்சையாக இருண்டிருந்தது. நிழலுக்குக் கொண்டுவந்ததும் தெளிந்தது. சுப்ஹானல்லாஹ்... ஒரு பிள்ளை கண் விழித்த மாதிரி இருந்தது.

செல்வத்திடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடிக்கு முன்னால் லைட்டரைத் தட்டிப் பார்த்தார், இருண்டது. பிறகு என் தலையிலேயே போட்டுவிட்டார்.

"ராத்தா, தள்ளி நிண்டு பாருங்க. நான் தொடுறன்."

தொட்டார்.

உலகம் பச்சையாகிப் போனது. நடுவில் ஒரு நட்சத்திரம். அதன் கீழே இரும்பு தண்ணீராகிக்கொண்டிருந்தது... குன்றிமணியளவு குளம். ரொட் போகும் பக்கமெல்லாம் அதுவும் போனது, பின்னால் அலையலையாக இறுகியது. இரண்டாக இருந்த இரும்பு என் கண்முன்னே ஒன்றானது.

இதையா என் மனுஷன் இத்தனை வருடமாகத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்? இதையா நான் விடச் சொன்னேன்? ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதேன்.

உள்ளே போய்ச் சொல்லிவிட்டேன்.

"பழுது ஹெல்மெட்ல இல்ல. நான்தான் அத இருட்டுல வெச்சிட்டன்."

துணியை எடுக்காமலே முகத்தை என் பக்கம் திருப்பினார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"நீ பாத்தியா?"

"ஓம்."

"எப்பிடி இருந்திச்சு?"

"ஒரு நட்சத்திரம்... அதுக்குக் கீழ குட்டிக் குளம்," என்றேன். அவர் சிரித்தார்.

ஓட்டோ வரவேயில்லை. இப்போது அந்த மாதிரி ஹெல்மெட் ஹார்ட்வெயார் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது, பற்றரி மாற்றுகிற மாதிரியும் வந்துவிட்டது. ஆனாலும் எங்கள் கடையில் காலையில் வெயில் காட்டி, துடைத்து, லைட்டரைத் தட்டிப் பார்க்காமல் ஒருவரும் ரொட்டைத் தொடுவதில்லை. அது என் சட்டம்.

ஜன்னலோரம் மூன்று தொங்குகின்றன. ஒன்று அவருடையது, ஒன்று செல்வத்துடையது.

மூன்றாவது என்னுடையது. நான் இன்றுவரை ஒரு ரொட்டையும் கையில் எடுத்ததில்லை... பார்ப்பதற்கு மட்டும்தான்.